ரயிலடியில் ஒரு மணி நேரம்

மாணவ மாணவியரே,

கோடை விடுமுறை பிறந்துவிட்டால் வீடுகள் பூட்டப்படுகின்றன, பெட்டிகள் திறக்கப்படுகின்றன. நீங்களும் பாட்டி ஊருக்கோ, குலதெய்வக் கோயிலுக்கோ, உறவினர் திருமணத்துக்கோ புறப்படுவீர்கள். வீட்டில் ஐந்து வயதுத் தம்பியோ நான்கு வயதுத் தங்கையோ இருந்தால், ரயிலடியில் நடக்கப்போவது என்ன என்பதை நான் இப்பொழுதே சொல்லிவிட முடியும். தந்தையார் பயணச்சீட்டு வாங்க வரிசையில் நிற்பார். தாயார் மூட்டை முடிச்சுகளுக்குக் காவலாக அமர்ந்திருப்பார். "தம்பியைச் சற்றுப் பார்த்துக்கொள்" என்று உங்களுக்கு ஒரு கட்டளை பிறக்கும். அந்தச் 'சற்று' சில வேளைகளில் இரண்டு மணி நேரமாக நீண்டுவிடுவதும் உண்டு. அந்த நேரத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

பெற்றோரிடம் சொல்லவேண்டியதை மாணவர்களிடம் சொல்வானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கழித்தவன் நான். தந்தையின் சொல்லுக்குக் குழந்தை அஞ்சும். ஆனால் அண்ணனும் அக்காளும் செய்வதையே அது தானும் செய்யும். ஆகவே உங்களிடம் சொல்வதே எனக்கு நேர்வழியாகத் தோன்றுகிறது.

காத்திருக்கும் இடத்தில் குழந்தை செய்யும் சேட்டை, வீட்டில் செய்யும் சேட்டையைப் போன்றதன்று. ஓடுகிறது, சிணுங்குகிறது, அயலார் பெட்டியின் மீது ஏறுகிறது, கேட்ட கேள்வியையே நூறு முறை கேட்கிறது. இவற்றைப் பிடிவாதம் என்று நாம் பெயரிட்டு விடுகிறோம். பசியா, தூக்கமா, சிறுநீர் கழிக்க வேண்டுமா என்ற மூன்றையும் முதலில் விசாரித்துவிட வேண்டும். பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துபோகும். அதன் பிறகும் தொல்லை நீடித்தால், அதற்குக் காரணம் பெரும்பாலும் காலம் என்னும் பொருள் குழந்தைக்கு விளங்காமையே.

1928-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு டாவோஸ் நகரில் அறிஞர்கள் கூடியிருந்தபோது, ஐன்ஸ்டீன் ஒரு கேள்வியை எழுப்பினார். காலத்தைப் பற்றிய உணர்வு மனிதனுக்கு இயல்பாகவே வாய்ப்பதா, அல்லது வேறொன்றிலிருந்து பிறப்பதா? வேகத்தைப் பற்றிய உணர்வோடு அதற்குள்ள உறவு யாது? ழான் பியாஜே என்னும் உளவியல் அறிஞர் இக்கேள்விகளைக் குழந்தைகளிடமே கொண்டு சென்றார். அந்த ஆராய்ச்சி 1946-இல் நூலாக வெளிவந்தது. இரண்டு பொம்மைகள் ஒரே நொடியில் புறப்பட்டு ஒரே நொடியில் நிற்கின்றன. ஆனால் ஒன்று வேகமாக ஓடி அதிகத் தொலைவு சென்றுவிடுகிறது. எது அதிக நேரம் ஓடியது என்று சிறு குழந்தையைக் கேட்டால், தொலைவு சென்ற பொம்மைதான் என்று அது விடை கூறும். காலத்தையும் தூரத்தையும் பிரித்தறிய அதற்கு இன்னும் பழக்கமில்லை. அத்தகைய குழந்தையிடம் "இன்னும் முக்கால் மணி நேரம்" என்று சொல்வதில் என்ன பயன்?

நேரத்தைத் தூரமாக மாற்றிச் சொன்னால் குழந்தைக்கு விளங்கிவிடும். நீங்கள் விழுப்புரத்தில் காத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டி சென்னையிலிருந்து வரவேண்டும். தாம்பரம், செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம், அதன் பிறகு நாம் நிற்கும் இடம் என்று ஐந்து விரல்களில் எண்ணிக் காட்டுங்கள். வண்டி இப்பொழுது எங்கே வருகிறது என்பதை உங்கள் கைப்பேசியே சொல்லும். ஒவ்வொரு நிலையம் கடந்ததும் குழந்தை ஒரு விரலை மடக்கட்டும். இரண்டு விரல்கள் மிஞ்சியிருக்கின்றன என்பது குழந்தைக்குப் புரியும் கணக்கு. கைப்பேசியைக் குழந்தையின் கையில் திணித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதைக் காட்டிலும், இவ்வாறு இருவரும் சேர்ந்து பார்ப்பது நல்லது. திணிக்கப்பட்ட கைப்பேசி மின்சாரம் உள்ளவரையில்தான் அமைதி தரும். அது அணைந்ததும் எழும் அழுகையை நீங்களே அறிவீர்கள்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், 1960-களின் இறுதியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் வால்ட்டர் மிஷெல் என்பவர் செய்த சோதனையை உங்களுள் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். குழந்தையின் முன்னால் ஓர் இனிப்பு இருக்கும். நான் திரும்பி வரும்வரை உண்ணாதிருந்தால் இரண்டாகத் தருவேன் என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போவார். அப்படிப் பொறுத்திருந்த குழந்தைகளே பிற்காலத்தில் வாழ்வில் உயர்ந்தனர் என்று ஒரு செய்தி உலகமெங்கும் பரவிற்று. 2018-இல் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சி, அந்தத் தொடர்பு மிகச் சிறியது என்றும், குடும்பச் சூழ்நிலையைக் கணக்கில் கொண்டால் அது மேலும் சுருங்கிவிடுகிறது என்றும் காட்டியது. ஆகவே ரயிலடியில் சிணுங்கும் தம்பியைப் பார்த்து அவன் எதிர்காலத்தைக் கணிக்க வேண்டுவதில்லை.

அந்தச் சோதனையில் எனக்குப் பிடித்த பகுதி வேறொன்று. பொறுத்திருந்த குழந்தைகள் எப்படிப் பொறுத்திருந்தனர்? சிலர் கண்ணை மூடிக்கொண்டனர். சிலர் தமக்குத் தாமே பாடிக்கொண்டனர். கைவிரல்களையும் கால்விரல்களையும் வைத்து விளையாடியவரும் உண்டு. ஆசைப்பட்ட பொருள் கண்முன் இருந்தபோது பொறுமை விரைவில் கெட்டது. அது மறைக்கப்பட்டபோது நீடித்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் பஜ்ஜிக் கடைக்கு நேர் எதிரிலுள்ள பெஞ்சில் குழந்தையை உட்கார வைத்துவிட்டு, "கேட்காதே, கேட்காதே" என்று அதட்டுவது நியாயமாகாது. அடுத்த பெஞ்சுக்குப் போய்விடலாம்.

இதனினும் முக்கியமான சோதனை ஒன்று 2013-இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. இருபத்தெட்டுக் குழந்தைகள், மூன்று முதல் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். இனிப்பைக் காட்டுவதற்கு முன், படம் வரையச் சாதாரண வண்ணக்கோல்களைக் கொடுத்து, "சற்றுப் பொறுத்தால் இதைவிட நல்லவை கொண்டு வருகிறேன்" என்று சொன்னார்கள். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டு வந்தார்கள். மற்றப் பாதியிடம் வெறுங்கையோடு வந்து, இல்லையென்று கூறிவிட்டார்கள். இவ்வாறு இருமுறை நடந்த பிறகு இனிப்புச் சோதனை. சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தனர். ஏமாற்றப்பட்டவர்கள் காத்திருந்தது மூன்று நிமிடம். இரண்டாம் வகைக் குழந்தைகளுக்குப் பொறுமை இல்லை என்று யார் சொல்ல முடியும்? அவர்களுக்கு நம்பிக்கை இல்லை, அவ்வளவே.

இப்பொழுது நம் ரயிலடியை நினைத்துப் பாருங்கள். எத்தனை பொய்கள்! "இதோ வண்டி வந்துவிட்டது" என்கிறோம், வருவதில்லை. "அப்பா பிஸ்கட் வாங்கத்தான் போயிருக்கிறார்" என்கிறோம். அவர் வெறுங்கையோடு திரும்புகிறார். தனி இருக்கை கேட்காத வரையில் ஐந்து வயது நிறையாத குழந்தைக்கு ரயிலில் பயணச்சீட்டு வேண்டியதில்லை. ஆகவே ஆறு வயதுப் பையனிடம், "பரிசோதகர் கேட்டால் நாலு வயது என்று சொல்" என்று பாடம் நடத்துகிறோம். போதாக்குறைக்கு அருகில் அமர்ந்திருக்கும் முன்பின் அறியாத பெரியவர் ஒருவர், "அழுதால் உன்னை நான் தூக்கிக்கொண்டு போய்விடுவேன்" என்று வேடிக்கை பேசுவார். அவருக்கு அது வேடிக்கை. குழந்தைக்கு அன்றிரவு உறக்கம் வராது. அத்தகையவரிடம், "தம்பி பயப்படுவான் ஐயா" என்று நீங்கள் பணிவோடு சொல்லலாம். அதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

இப்பொய்களுள் மிகக் கொடியது, "போலீஸ்காரர் பிடித்துக்கொண்டு போவார்" என்பது. அதை மட்டும் நீங்கள் ஒருபோதும் சொல்லாதீர்கள். காரணத்தை விளக்குகிறேன். கூட்டத்தில் ஒரு குழந்தை கைதவறிப் போய்விட்டால், அதற்கு உதவக்கூடியவர் யார்? சீருடை அணிந்த ரயில்வே பாதுகாப்புப் படையினரும், காவலரும், நிலைய ஊழியருமே. அவர்களைக் கண்டால் ஓடி ஒளியும்படி நாமே பழக்கிவிட்டால், தேடுபவர் அருகில் வரவரக் குழந்தை மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கிக்கொள்ளும். எனவே நிலையத்துக்குள் நுழைந்தவுடன் அந்தச் சீருடையைக் காட்டி, "நாம் தவறிப்போனால் இவரிடம் சொல்ல வேண்டும்" என்று தம்பிக்குக் கற்றுக்கொடுங்கள். தேடி அலையாமல் நின்ற இடத்திலேயே நிற்கவும் கற்றுக்கொடுங்கள். அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டால் "அம்மா" என்றே விடை சொல்லும் குழந்தைகள் பலர். பெயரும் ஊரும் சொல்லத் தெரிய வேண்டும். வீட்டுத் தொலைபேசி எண்ணைப் பாட்டாகப் பாடிப் பழக்கலாம். இயலாத சிறு குழந்தைக்குச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, ரயில்வே உதவி எண் 139 ஆகிய இரண்டும் உங்கள் நினைவில் இருக்கட்டும்.

இனி, குழந்தைக்கு வேலை கொடுப்பது பற்றி. சும்மா இரு என்பது வேலையாகாது. அது ஞானிகளுக்கே அரிது. ரயில் நிலையத்தைப் போன்ற பள்ளிக்கூடம் வேறில்லை. நிலையத்தின் பெயர் எழுதிய மஞ்சள் பலகையைப் பாருங்கள். கடல் மட்டத்துக்கு மேல் அவ்வூர் எவ்வளவு உயரம் என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கும். நீலகிரி மலை ரயிலில் மேட்டுப்பாளையத்தில் முந்நூறு மீட்டரைச் சற்றே தாண்டி நிற்கும் அந்த எண், உதகமண்டலத்தில் இரண்டாயிரத்து இருநூற்றைக் கடந்துவிடும். ரயில் பெட்டியின் பக்கத்தில் எழுதியுள்ள எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் அது செய்யப்பட்ட ஆண்டைக் குறிப்பவை. "இந்தப் பெட்டி உனக்கு அண்ணனா, தம்பியா?" என்று கேட்டுப் பாருங்கள், ஒரு வண்டி முழுவதையும் தம்பி எண்ணிக் கணக்கிடுவான். கடைசிப் பெட்டியின் பின்புறத்தில் உள்ள பெருக்கல் குறியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சரக்கு ரயில் வந்தால் எண்ணுவதற்கு விருந்து. ஆனால் இவை யாவும் மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நின்று, ஒரு கை உங்கள் கைக்குள் இருக்க நடைபெற வேண்டியவை.

1996-ஆம் ஆண்டில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேரைத் தஞ்சைப் பெரிய கோயில் காட்ட அழைத்துச் சென்றேன். ஒரு சந்திப்பு நிலையத்தில் வண்டி இரண்டு மணி நேரம் தாமதம். பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் எண்ணுவதற்கு ஒன்று கொடுத்தேன். ஒரு நிமிடமும் உட்கார மாட்டாத பையன் ஒருவன் இருந்தான். விசாரணைச் சன்னலின் அருகே, என் பார்வைக்குள் நின்று, அங்கு வருபவர் என்ன கேட்கின்றனர் என்று குறித்துவரச் சொன்னேன். அவன் கொண்டுவந்த தாளில் அறுபத்தொரு கோடுகள் இருந்தன. அறுபத்தொருவரும் கேட்டது, "வண்டி எப்போது வரும்?" என்பதே. ஒரே மனிதர் ஏழு முறை வந்தார் என்று அவன் தனியே எழுதியிருந்தான். "சார், எங்களை மட்டும் ஏன் சும்மா இருக்கச் சொல்றீங்க?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். தண்டவாளத்தின் பக்கம் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்ப்பதால் வண்டி விரைந்து வருவதில்லை என்பது பெரியவர்களுக்குத் தெரியாதா? தெரியும், ஆயினும் பார்க்கிறோம். நீங்கள் பதறாமல் இருந்தால் தம்பியும் பெரும்பாலும் பதறமாட்டான்.

அடிப்பதைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. பலர் பார்க்க அடிபட்ட குழந்தைக்கு வலியைவிட அவமானம் பெரிது. அந்த அழுகை அடங்க அரை மணி ஆகும். உங்கள் வேலைதான் கூடும். குனிந்து, அதன் கண்ணுக்கு நேராக உங்கள் முகத்தைக் கொண்டுவந்து, மெல்லிய குரலில் பேசிப் பாருங்கள். நீண்ட நேரம் உட்கார்ந்த குழந்தையைக் கையைப் பிடித்து நடைமேடையின் மறு கோடிவரை நடத்தி அழைத்து வாருங்கள். கால்களுக்கும் பசி உண்டு.

வண்டி வந்துவிட்டது என்றால் அதுவரை காத்த ஒழுங்கைக் காற்றில் விட்டுவிடாதீர்கள். விபத்துகள் நேரக்கூடிய வேளை அதுதான். வண்டி முற்றும் நிற்கட்டும், இறங்குபவர் இறங்கட்டும். குழந்தையைச் சன்னல் வழியாக உள்ளே கொடுப்பது வேண்டா. பெரியவர் ஒருவர் முதலில் ஏறிக் கை நீட்ட, கீழே நிற்பவர் குழந்தையைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். படிக்கும் நடைமேடைக்கும் இடையிலுள்ள இடைவெளி சிறு கால்களுக்கு அகலமானது. மூட்டை முடிச்சுகள் அதற்குப் பிறகு. உள்ளே இருக்கை கிடைத்து அமர்ந்தவுடன், பிஸ்கட் வாங்கித் தருவதாகக் கீழே சொல்லியிருந்தீர்களானால், மறவாமல் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.