கோப்பை எழுதுகிறவர் யார்?

(சட்டக் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரிதும் மாற்றப்படவில்லை.)



1968இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். 1973இல் உயர்நீதிமன்றம் குற்றவாளிகளை விட்டது. எனக்கு முன்னால் பேசிய தோழர், இரண்டு வக்கீல்கள் மோத நீதிபதி நடுவராக உட்காரும் முறைதான் இதற்குக் காரணம், பிரான்ஸ் மாதிரி நீதிபதியே புலனாய்வு செய்யணும் என்றார். 2003இல் மாலிமத் குழுவும் அந்த முறையிலிருந்து சிலதை எடுத்துக்கொள்ளச் சொன்னது. ஆசையாகத்தான் இருக்கு. கொஞ்சம் நிதானிப்போம்.

பிரான்சில் கொலை போன்ற பெரிய குற்றங்களுக்குப் புலனாய்வு நீதிபதி உண்டு. போலீஸ் அவர் சொற்படி வேலை செய்யும். குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றையும் ஆதரவான சான்றையும் அவரே தேடணும். எனக்குப் பிடித்தது வேறொன்று. அரசு வக்கீல் மறுத்தாலும் பாதிக்கப்பட்டவர் நேரே அந்த நீதிபதியிடம் முறையிட்டு வழக்கைத் தொடங்க வைக்கலாம். 1906இல் ஒரு தீர்ப்பு தந்த உரிமை இது. நம்ம சேரி ஆள் எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லி ஸ்டேஷன் வாசலில் விடிய விடிய நிற்பதை நினைச்சுப் பாருங்க. நமக்கும் மாஜிஸ்ட்ரேட்டிடம் போக வழியுண்டு. ஆனால் அவர் உத்தரவு பெரும்பாலும் திரும்ப அதே ஸ்டேஷனுக்குத்தான் வந்துசேரும்.

இனி மறுபக்கம். வட பிரான்சில் ஊத்ரோ என்று ஓர் ஊர். குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை வழக்கு 2001இல் ஓர் இளம் நீதிபதி கைக்கு வந்தது. கொடுமை நடந்தது உண்மை. 4 பேர் மீதான தண்டனை நிலைத்தது. ஆனால் ஒரு தாயும் குழந்தைகளும் சொன்னதை நம்பி மேலும் மேலும் ஆட்களைப் பிடித்தார்கள். ஒருவர் 2002இல் சிறையிலேயே செத்தார். 2004இல் 17 பேர் கூண்டில் நின்றார்கள். அப்போது 7 பேரும், அப்பீலில் 2005இல் 6 பேரும் விடுதலை. சிலர் மூன்று வருஷம்வரை உள்ளே கிடந்தவர்கள்.

மேலே பார்க்க ஆளில்லாமலா? காவலில் வைக்கலாமா என்று முடிவு செய்ய வேறொரு நீதிபதி இருந்தார். அவருக்கு மேலும் நீதிபதிகள் இருந்தார்கள். எல்லாரும் படித்தது ஒருவர் எழுதிய அதே கோப்பை! ஒருவருக்குப் பதில் மூவர் என்று 2007இல் சட்டம் போட்டார்கள். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு 2016இல் அதையும் கைவிட்டார்கள். இத்தாலிக்காரன் 1989லேயே புலனாய்வு நீதிபதியை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டான்.

இங்கே கொண்டுவந்தால் அந்தக் கோப்பை எழுதப்போகிறவர் எந்தத் தெருவிலிருந்து வருவார்? எனக்கு அந்த நீதிபதி வேண்டாம். பாதிக்கப்பட்டவருக்குத் திறக்கிற அந்தக் கதவு மட்டும் வேண்டும். வன்கொடுமைச் சட்டத்தில் 2016 முதல் 15ஏ பிரிவு இருக்கு. ஜாமீன் விசாரணையிலேயே பாதிக்கப்பட்டவர் பேசலாம். அந்தப் பிரிவைச் சொல்லி மனுப் போட்டவங்க இங்க எத்தனை பேர்? கை தூக்குங்க, பார்ப்போம்.