கதிரையும் சுவரும் போதும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், 80களில் கற்ற மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவில் பேசுவதற்கு எத்தனையோ பெரிய விடயங்கள் இருக்க, முழங்காலையும் முதுகையும் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று சிலர் நினைக்கலாம். அதற்குக் காரணம் இந்தப் பாடசாலையின் படிகள்தான். கீழே பாதையிலிருந்து மைதானத்துக்கும், மைதானத்திலிருந்து மண்டபத்துக்கும், மணி அடித்த பிறகு ஓடி ஏறினோமே, அதே படிகள். இரண்டு வருடங்களுக்கு முன் இந்த விழாவுக்கான முதல் கூட்டத்துக்கு வந்தபோது, எங்கள் வகுப்புத் தோழி ஒருவர் அந்தப் படிகளில் மூன்று இடத்தில் நின்றார். இல்ல விளையாட்டுப் போட்டியில் 200 மீற்றர் ஓடி எங்கள் இல்லத்துக்குப் புள்ளி வாங்கித் தந்தவர் அவர். மூன்றாவது தடவை நின்றபோது, "நீங்க போங்கடி, நான் மெதுவா வாரேன்" என்று சிரித்தார். மேலே வந்து கதிரையில் உட்கார்ந்ததும் அழுதுவிட்டார். கொழும்பில் 30 வருட மேசை வேலை, இப்போது பிரஷர், சீனி இரண்டுக்கும் மாத்திரை. நாங்கள் யாரும் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. எங்களுக்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அன்றிரவே 14 பேர் ஒரு வட்ஸ்அப் குழுவில் சேர்ந்தோம். டயகமவிலேயே வாழ்க்கைப்பட்டவர்கள், தலவாக்கலையிலும் வெள்ளவத்தையிலும் குடியேறியவர்கள், லண்டனிலும் டொரொண்டோவிலும் இருப்பவர்கள். ஜிம்முக்குப் போவது எங்களுக்குச் சரிப்படாது என்பதில் அத்தனை பேரும் ஒரே மாதிரி. மலையில் இருப்பவருக்கு அது எட்டாத தூரம். வெள்ளவத்தையில் இருப்பவருக்குப் பக்கத்துத் தெரு, ஆனால் கட்டணமும் கூச்சமும் விடவில்லை. காலையில் நடக்கச் சொல்கிறார்கள் கிளினிக்கில். காலிமுகத்திடலுக்கு அது நல்ல ஆலோசனை. நம் தோட்டத்துப் பாதையில் விடியற்காலையில் பனிமூட்டம், நாய், சிறுத்தைப் பயம். தென்மேல் பருவமழை பிடித்தால் குடை நிற்காது. ஆகவே வீட்டுக்குள்ளேயே செய்வது என்று முடிவு செய்தோம்.

என்ன செய்வது என்று யோசித்தபோது எங்களில் ஒருவருக்குப் பாடசாலை 'டிரில்' ஞாபகம் வந்தது. விளையாட்டுப் போட்டிக்கு முன் ஒரு மாதம், நிற ரிப்பன் கட்டிக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வெயிலில் நின்று செய்தோமே, அதேதான். அதற்கு ஒரு கருவியும் தேவைப்படவில்லை. அப்போது அதை எவ்வளவு வெறுத்தோம்! ஜப்பானில் 1928இலேயே வானொலியில் இசையோடு இப்படி ஒரு பயிற்சியை ஆரம்பித்து, இன்று வரை சிறுவர் முதல் முதியவர் வரை செய்து வருகிறார்கள். ஒரு தடவை செய்து முடிக்கச் சில நிமிடம்தான். நாங்கள் அந்த டிரிலைத் தொடக்கத்தில் உடம்பைச் சூடாக்க வைத்துக்கொண்டு, தசைக்குப் பலம் தரும் ஐந்தாறு பயிற்சிகளைச் சேர்த்தோம்.

முதலாவது கதிரை. கை வைக்காத மரக்கதிரையாக இருந்தால் நல்லது. சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, எழுந்து நின்று மறுபடி உட்கார வேண்டும். 10 தடவை. கொஞ்சம் ஓய்வு, பிறகு இன்னொரு 10. உலகெங்கும் வைத்தியர்கள் இதையே ஒரு சோதனையாகவும் வைத்திருக்கிறார்கள்: 30 செக்கனில் எத்தனை தடவை எழ முடிகிறது என்று எண்ணுவது. 60 முதல் 64 வயதுப் பெண் 12 தடவைக்குக் குறைந்தால் கால் பலம் போதாது என்று கணக்கு. நாங்கள் 60ஐத் தொடாதவர்கள். முதல் நாள் எண்ணியபோது எங்களில் நான்கு பேர் 12ஐத் தொடவில்லை. படியில் நின்ற தோழிக்கு 8.

இரண்டாவது சுவர். ஒரு அடி தள்ளி நின்று, கைகளைச் சுவரில் ஊன்றி, நெஞ்சைச் சுவருக்குக் கிட்டக் கொண்டுபோய்த் திரும்பத் தள்ளுவது. சுலபமானதும் காலை இன்னும் பின்னுக்கு வைக்கலாம், பிறகு சுவருக்குப் பதில் கனமான மேசை. மூன்றாவது, ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் இரண்டில் தண்ணீர் நிரப்பி, சற்று முன்னுக்குச் சாய்ந்து, முழங்கையைப் பின்னால் இழுப்பது. ஒரு போத்தல் ஒன்றரைக் கிலோ. நான்காவது, பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, இடுப்பைத் தூக்கி இறக்குவது. இஸ்தோப்புப் படியில் நின்று குதிகாலை உயர்த்துவது ஐந்தாவது. தேத்தண்ணி கொதிக்கும்வரை ஒற்றைக் காலில் நிற்பதை ஆறாவதாகச் சேர்த்தோம். பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஏதாவது இருக்க வேண்டும், அடுப்புப் பக்கம் மட்டும் வேண்டாம். லயத்தில் 10க்கு 12 அடிக் காம்பராவில், பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும்போதே இவ்வளவையும் செய்துகாட்டினார் எங்களில் ஒருவர்.

எத்தனை தடவை என்பதைவிடக் கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்கிறதா என்பதுதான் கணக்கு. சுலபமாகிவிட்டால் தசை வளராது. அப்போது மெதுவாக இறங்குங்கள், அல்லது இரண்டு கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுங்கள். மூச்சை அடக்கக் கூடாது, பிரஷர் உள்ளவர்கள் முக்கியமாக. வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக வரும்.

தங்கைமார் சிலர், "வயிறு குறையுமா, கை இறுகுமா?" என்று கேட்கிறார்கள். வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைக்க முடியாது. உடம்பு முழுவதிலும் கொழுப்புக் குறையும்போது வயிறும் குறையும். அதற்கு வெறும் கோதுமை ரொட்டியும் இரண்டு கரண்டி சீனித் தேத்தண்ணியும் குறைய வேண்டும், பருப்பும் முட்டையும் கடலையும் கூட வேண்டும். இறுக்கம் என்பது அடியில் தசை வளர்வதுதான். நம் வயதில் தசையும் எலும்பும் சத்தமில்லாமல் குறைந்துகொண்டு போகின்றன, மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு இன்னும் வேகமாக. வேலை செய்யும் தசை இரத்தத்திலுள்ள சீனியையும் இழுத்துக்கொள்கிறது. சாப்பிட்ட பிறகு வீட்டுக்குள்ளேயே 10 நிமிடம் நடந்தாலும் அதில் பலன் உண்டு. தராசை நம்பாதீர்கள், இடுப்பில் அளவு நாடாவைப் பிடியுங்கள். நம் தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் எல்லை.

வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலசைவு, இரண்டு நாளாவது தசைப்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு சொன்னார்கள். 2020இல் வந்த வழிகாட்டலில் அந்த நிபந்தனை இல்லை. பெண்களுக்கு இது பெரிய சலுகை. நமக்கு ஏது தொடர்ச்சியான 10 நிமிடம்?

இதையெல்லாம் சென்ற வருடம் தோட்டத்தில் ஒரு மாதர் கூட்டத்தில் சொன்னபோது, பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா கேட்டார்: "விடிஞ்சதிலிருந்து மலை ஏறி இறங்குறோம். எங்களுக்கு எதுக்கு தங்கச்சி எக்சர்சைஸ்?" எங்களிடம் அப்போது பதில் இருக்கவில்லை. எங்களில் பலருடைய அம்மாமார் கொழுந்து பறித்துத்தான் எங்களுக்குச் சப்பாத்து வாங்கித் தந்தார்கள். அவர்கள் உடம்பு ஏன் 50 வயதில் அப்படி வளைந்துபோனது என்று நாங்கள் கேட்டதே இல்லை.

பிறகு தேடிப் படித்தோம். 1953இல் ஜெரி மொரிஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் லண்டன் இரட்டைத்தட்டு பஸ் ஊழியர்களை ஆராய்ந்து, நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் சாரதிகளைவிடப் படி ஏறி இறங்கும் நடத்துநர்களுக்கு மாரடைப்புக் குறைவு என்று எழுதினார்கள். அதோடு நின்றால், கொழுந்து பறிப்பவருக்கு ஒரு குறையும் வரக்கூடாது. ஆனால் டென்மார்க் ஆய்வாளர்கள் பிற்காலத்தில் வேறொன்றைக் கவனித்தார்கள்: ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் அசைவு தரும் நன்மையை, கூலிக்காகச் செய்யும் பாரமான உழைப்பு தருவதில்லை, சில வேளை கெடுதலும் செய்கிறது. பாரம் தூக்கி, குனிந்து, மணிக்கணக்காக, ஆறுவதற்கு நேரமில்லாமல் செய்வது அது. கூடைக் கயிறு தலையை இழுக்க, கழுத்து முன்னுக்குத் தள்ள, இரண்டு கையும் நாள் முழுக்க முன்னாலேயே. நிறை குறைந்தால் பேர் குறையும் என்ற பயத்தில் யார் நின்று மூச்சு விடுவார்?

அந்த அக்காவுக்கு எங்கள் பதில் இப்போது இதுதான். உங்களுக்கு முதல் தேவை ஓய்வு, இரும்புச் சத்து, வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் தூக்க இன்னொரு ஆள். அந்த ஆள் வீட்டு ஆண்பிள்ளையாகவும் இருக்கலாம். அதன்பிறகு 5 நிமிடம், வேலைக்கு எதிர்ப்பக்கமாக உடம்பைத் திருப்புங்கள். பாயில் படுத்துக் கால்களைக் கதிரைமேல் போடுங்கள். வாசல் நிலையில் கைகளை வைத்து நெஞ்சை விரியுங்கள். நாடியை உள்ளே இழுத்துக் கழுத்தை நிமிர்த்துங்கள். கொழும்பிலும் டொரொண்டோவிலும் கதிரையில் வளைந்திருக்கும் மகளுக்கும் இதே மூன்றும் பொருந்துவது வேடிக்கைதான்.

எங்கள் தவறுகளையும் சொல்ல வேண்டும். முதல் வாரமே 50 தடவை எழுந்து உட்கார்ந்து ஒருவர் முழங்காலை வீங்க வைத்துக்கொண்டார். இன்னொருவர் சீனி மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றில் செய்து மயங்கப் பார்த்தார். மாத்திரை எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால் உடனே நிறுத்துங்கள். வீட்டில் சிரித்தார்கள். "பேரப்பிள்ளை எடுக்கிற வயசுல என்ன கூத்து" என்று ஒரு மாமியார் கேட்டார். அவரே இப்போது கதிரையைச் சுவரோரம் போட்டுத் தருகிறார். 14 பேரில் 5 பேர் விட்டுவிட்டார்கள். மீதிப் பேர் ஞாயிறுதோறும் இங்கே இரவு 7 மணிக்குத் தொலைபேசியில் கூடுகிறோம். லண்டனில் அப்போது பிற்பகல், டொரொண்டோவில் காலை. யார் எத்தனை என்று எண்ணிச் சொல்வதைவிட ஊர்க்கதைதான் அதிகம். நிறையில் பெரிய மாற்றமில்லை. சட்டைகள் தளர்ந்திருக்கின்றன. தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ மூன்று பேருக்கு முடிகிறது.

8 தடவை எழுந்த தோழி போன மாதம் 15 எண்ணினார். இன்று காலை படிகளில் ஒரு இடத்தில் நின்றார். மைதானத்தைப் பார்க்க நின்றேன் என்கிறார். நம்புகிறோம்.

தேநீர் தயாராக இன்னும் கால்மணி நேரமாகும் என்று சொல்கிறார்கள். சேலை கட்டியவர்களும் செய்யலாம், செருப்பை மட்டும் கழற்றுங்கள். தங்கைமார் கொஞ்சம் உதவி செய்து கதிரைகளைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். ஆசிரியர்களுக்கு முன்வரிசை. எண்ணுவதற்கு எங்கள் தோழி வருகிறார்.