15 நாள் அவகாசம்

உங்கள் தெருவுக்கு சிமெண்ட் சாலையோ மழைநீர் வடிகாலோ வருகிறது என்றால், அதற்கு முன்பே ஒரு டெண்டர் முடிந்திருக்கும். அது எப்படி நடக்க வேண்டும் என்று சொல்வதற்கு ஒரு சட்டமே இருக்கிறது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998. உள்ளாட்சி அமைப்புகளுக்கும் இது பொருந்தும்.

இதற்கான 2000-ஆம் ஆண்டு விதிகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது கால அவகாசம்தான். 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்கு, அறிவிப்பு வெளியானதிலிருந்து குறைந்தது 15 நாள் தர வேண்டும். அதற்கு மேற்பட்ட தொகை என்றால் 30 நாள். குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி ஒருவர் காரணத்தை எழுத்தில் பதிவு செய்து அனுமதிக்க வேண்டும். ஏன் இத்தனை கண்டிப்பு? அவகாசத்தைச் சுருக்கினால், முன்கூட்டியே விஷயம் தெரிந்தவர் மட்டுமே விலை கொடுக்க முடியும். வெளியூர் ஒப்பந்ததாரர் கணக்குப் போடுவதற்குள் கதவு சாத்தப்பட்டுவிடும். போட்டி இல்லாத இடத்தில் விலை ஏறும். அந்தக் கூடுதல் பணம் நம் வரிப்பணத்திலிருந்துதான் போகிறது.

விலைப்புள்ளிகளைத் திறக்கும்போது விலை கொடுத்தவர்கள் உடனிருக்கலாம். விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதென்றால், குறைந்த விலை கொடுத்தவரிடம் மட்டுமே பேசலாம். முடிவில் குறை கண்டால், விலை கொடுத்தவர் 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

டெண்டர் அறிவிப்புகள் தமிழக அரசின் இணையதளத்தில் எல்லோர் பார்வைக்கும் வருகின்றன. உங்கள் ஊர்ப் பணி ஒன்றின் அறிவிப்பு நாளையும் கடைசி நாளையும் இன்றே எடுத்துப் பாருங்கள். நாள் குறைந்திருந்தால், காரணத்தைக் கேளுங்கள்.