மூடிய குழாயும் உறைந்த நீரும்

(மூலக்குளத்தில் அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"குளிர் நாடுகளில் குளிர்காலத்தில் நீர்க்குழாய்கள் வெடிப்பது ஏன்?" இந்தக் கேள்வியைக் கேட்காத அறிவியல் ஆசிரியர் நம்மில் இருக்கமாட்டார். "நீர் உறையும்போது விரிவடைகிறது" என்று பிள்ளைகள் எழுதுவார்கள். முழு மதிப்பெண் போடுவோம். விடை சரிதான். ஆனால் அதே பிள்ளையிடம், "அந்த ஊர்க்காரர்கள் இரவில் குழாயை லேசாகத் திறந்து, தண்ணீரைச் சொட்டவிட்டுத் தூங்குகிறார்களே, எதற்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. மனப்பாடம் எங்கே நின்றுவிட்டது என்று அப்போது தெரியும்.

முதலில் அந்தக் "குளிர் நாடுகள்" என்ற சொல்லைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வோம். இது நம் நாட்டிலேயே நடக்கிறது. காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் 40 நாட்களைச் 'சில்லை கலான்' என்பார்கள். குளிர் உச்சத்தில் இருக்கும் காலம் அது. 2021 ஜனவரி 14 அன்று ஸ்ரீநகரில் வெப்பநிலை மைனஸ் 8.4 டிகிரிக்கு இறங்கியது. தால் ஏரியின் மேற்பரப்பு உறைந்தது. வீட்டுக் குழாய்களிலும் நீர் உறைந்தது. புதுச்சேரியில் ஜனவரி இரவுகூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதனால் நம் பிள்ளைக்கு இது வரைபடத்தில் எங்கோ நடக்கும் சங்கதியாகப் படுகிறது.

இனி குழாய்க்குள் போவோம். 4 டிகிரிக்குக் கீழே குளிரக் குளிர நீர் சுருங்குவதில்லை, விரிகிறது. உறையும்போது கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. இதுவரை பாடநூலில் உள்ளதுதான். ஆனால் பனிக்கட்டி குழாயின் சுவரைப் பக்கவாட்டில் நெருக்கி உடைக்கிறது என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் நடப்பது வேறு. குளிர் அதிகம் படும் ஓரிடத்தில் முதலில் ஒரு பனி அடைப்பு உண்டாகிறது. அது குழாயின் நீளவாக்கில் வளர்ந்து, முன்னால் இருக்கும் நீரைத் தள்ளுகிறது. முன்னால் இருப்பதோ மூடிய திருகு. நீர் எங்கே போகும்? அடைப்புக்கும் திருகுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட நீரில் அழுத்தம் ஏறுகிறது. கடைசியில் குழாய் எங்கே பலவீனமோ அங்கே வாய் பிளக்கிறது. பல நேரம் அந்த இடத்தில் பனிக்கட்டியே இருக்காது!

அழுத்தம் எவ்வளவு இருக்கும்? இடம் கொடுக்காமல் அடைத்துவைத்த நீர், மைனஸ் 5 டிகிரியில் முழுதும் உறையாமல் நிற்பதற்கு வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 600 மடங்கு தேவை. நாம் கடையில் வாங்கும் பி.வி.சி. குழாய்கள் சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ, 6 கிலோ, 10 கிலோ என்ற வகைகளில் வருகின்றன. அதாவது சுமார் 4, 6, 10 மடங்கு. இரண்டு எண்களையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுங்கள். விளக்கமே வேண்டாம்.

நம் ஊரில் பனி இல்லை என்றாலும் ஃப்ரீசர் இருக்கிறது. ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சில், காற்றுக் குமிழி இல்லாமல் சரியாக 10 மில்லி நீரை இழுங்கள். முனையை எம்-சீல் வைத்து அடைத்து, இறுகியபின் ஃப்ரீசரில் ஒரு இரவு வையுங்கள். காலையில் தண்டு 11-ஐ நெருங்கி நிற்கும். 9 சதவீதத்தைப் பிள்ளை தன் கண்ணாலேயே படிக்கும். கண்ணாடிக் குப்பியில் மட்டும் இதைச் செய்யவேண்டாம். உடைந்தால் கையைக் கிழித்துவிடும்.

அடுத்து இன்னொரு சிரிஞ்சில் நீர் நிரப்பி, முனையை விரலால் மூடித் தண்டை அழுத்தச் சொல்லுங்கள். அசையாது. விரலை ஒரு மயிரிழை விலக்கச் சொல்லுங்கள். ஒரு சொட்டு வெளியேறும், தண்டும் நகரும். சொட்டும் குழாயின் ரகசியம் இவ்வளவுதான். நீர் ஓடிக்கொண்டிருப்பதால் உறைவது தாமதமாகும் என்பது உண்மை. அதைவிட முக்கியம், உறைந்தாலும் அழுத்தம் இறங்க வழி இருப்பது.

இது புரிந்துவிட்டால் மற்றவற்றைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனால்? மெயின் வால்வை மூடி, குழாய்களைத் திறந்து நீரை வடித்துவிட வேண்டும். உறைந்த குழாயைச் சூடாக்குவது எந்தப் பக்கத்திலிருந்து? திருகைத் திறந்துவைத்துத் திருகின் பக்கமிருந்து. நடுவில் உருக்கினால் உருகிய நீருக்கு வெளியேற இடமில்லை. வெந்நீரில் நனைத்த துணி போதும். தீப்பந்தம் காட்டுவது ஆபத்து. நீர் ஆவியாகி வெடிக்கலாம், வீடும் பற்றிக்கொள்ளலாம். இன்னொன்று: உறைந்திருக்கும்வரை பனிக்கட்டியே விரிசலை அடைத்துக்கொண்டிருக்கும். வெயில் வந்து உருகியபின்தான் வீட்டுக்குள் வெள்ளம்.

புதுச்சேரிப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். 1962-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் படித்திருக்கிறார்கள், இன்றும் படிக்கிறார்கள். அவர்களில் பலர் பள்ளிப்படிப்பு முடிந்ததும் பிரான்சுக்குப் போகிறவர்கள். போனவுடன் ஒரு வீடு, ஒரு தண்ணீர் மீட்டர், ஒரு குளிர்காலம். அங்கே பல வீடுகளில் மீட்டர் வெளியே, தரையில் ஒரு குழிக்குள் இருக்கும். அதைக் குளிரிலிருந்து காக்கத் தெர்மாகோல் பலகை வைக்கச் சொல்கிறார்கள். வைக்கோல், பழந்துணி, காகிதம் வேண்டாம் என்கிறார்கள். ஏன் என்று உங்கள் எட்டாம் வகுப்பில் கேளுங்கள். வெப்பத்தைத் தடுப்பது துணிக்குள் இருக்கும் காற்று. துணி ஈரத்தை உறிஞ்சிவிட்டால் அந்தக் காற்றின் இடத்தில் நீர் வந்துவிடும். மழையில் நனைந்த கம்பளியைப் போர்த்திப் பார்த்த பிள்ளை ஒன்றாவது வகுப்பில் இருக்கும். விடை அங்கிருந்து வரும்.