ஒரே பெஞ்சில் உட்காருங்கள்



2025 அக்டோபர் 14ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் கம்பெனி விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 போடலாமே என்றால் பல பழைய கணினிகளில் அது ஏறாது. திரை ஒளிர்கிறது, கீபோர்டு வேலை செய்கிறது, ஆனாலும் புதுசு வாங்கு என்கிறார்கள். மாந்தோப்பில் கூலிக்குப் போய்ச் சேர்த்த காசில் வாங்கிய லேப்டாப் ஐயா அது! கன்று விற்ற நர்சரிக்காரன் வந்து காய்க்கிற மரத்தை வெட்டச் சொன்னால் வெட்டுவோமா?

மாற்றைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2001இல் கேரள அரசு தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டத்தில் முதலில் விண்டோஸ்தான் பாடம். ஆசிரியர்கள் எதிர்த்தார்கள், யாரும் நகலெடுக்கலாம், திருத்தலாம் என்கிற கட்டற்ற மென்பொருள்காரர்களும் எதிர்த்தார்கள். பள்ளிகள் குனு/லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு மாறின. இன்று உபுண்டுவை அடித்தளமாக வைத்துக் கேரள அரசின் கைட் நிறுவனம் தரும் லினக்ஸில்தான் உங்கள் பிள்ளை படிக்கிறது. அதைப் பக்கத்து வீட்டுக்கு நகலெடுத்துக் கொடுங்கள். திருட்டாகாது!

திறந்த நிரலின் பலம் தெரிய வேண்டுமா? 2018 ஆகஸ்ட் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். உதவி கேட்டவர்களையும் உதவப் போனவர்களையும் இணைத்த கேரளா ரெஸ்க்யூ தளத்தின் நிரல் திறந்தே கிடந்தது. முகம் தெரியாத இளைஞர்கள் இராப்பகலாக எழுதினார்கள், ஒருவர் பிழையை இன்னொருவர் திருத்தினார். பூட்டி வைத்து டெண்டர் விட்டிருந்தால், அது முடிவதற்குள் தண்ணீரே வடிந்திருக்கும்.

லினக்ஸில் தொல்லையே இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பிரின்டர் முரண்டு பிடிக்கும், வைஃபை கண்ணாமூச்சி ஆடும். அப்போது தெரிந்தவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கேதான் நமக்குச் சிக்கல்! 2017இல் நாம் கூடியிருக்கும் இதே கோவிந்தாபுரத்தில், டீக்கடைத் தம்ளரிலும் தண்ணீர்க் குழாயிலும் சாதி பார்க்கிறார்கள் என்று அம்பேத்கர் காலனி மக்கள் முறையிட்டதை நாடே படித்தது. கம்பெனியின் உரிமத்தையும் சாதியின் கொடுமையையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஒன்று காசைப் பறிக்கிறது, மற்றது மானத்தை. ஆனால் உங்கள் கணினியைச் சரிசெய்யத் தெரிந்த பெண் அந்தக் காலனியில் இருந்தால் என்ன செய்வீர்கள்? வாசலில் நின்று கூப்பிடுவீர்களா, உள்ளே போய் உட்காருவீர்களா?

லினக்ஸ் போட்டுக்கொள்ள ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதே இடத்துக்கு வாருங்கள். பழைய லேப்டாப்பைச் சார்ஜரோடு கொண்டு வாருங்கள். கல்யாணப் போட்டோ, ரேஷன் கார்டு நகல் எல்லாவற்றையும் முன்கூட்டியே வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். அழிந்த பிறகு என்னைத் திட்டக் கூடாது. பென்டிரைவ் எங்களிடம் உண்டு. டீயும் உண்டு. தம்ளர்கள் எல்லாம் ஒரே தட்டில் வரும்.