கேள்வி என்ன வேலை சொல்கிறது?



பிரட்டுக் களத்தில் கவ்வாத்துக்கு அனுப்பப்பட்டவர் கொழுந்து மலைக்குப் போனால், நாள் முழுக்கப் பாடுபட்டாலும் பேர் போடுவார்களா? பரீட்சையிலும் அப்படித்தான். பாடம் தெரிந்த பிள்ளைகள்கூட, கேள்வி சொன்ன வேலையைக் கவனிக்காமல் புள்ளியை இழக்கிறார்கள். அந்த வேலை பெரும்பாலும் கேள்வியின் கடைசிச் சொல்லில் இருக்கிறது.

நம் கதையையே எடுத்துக்கொள்வோம். 1948 குடியுரிமைச் சட்டத்தால் மலையக மக்களுக்கு நேர்ந்த விளைவு ஒன்றைக் ‘குறிப்பிடுக’ என்றால், ‘பெரும்பாலானோர் நாடற்றவராயினர்’ என்ற ஒரு வரி போதும். ஒரு பக்கம் எழுதினால் நேரம்தான் போகும்.

‘விளக்குக’ என்றால் ஏன், எப்படி என்பதும் வேண்டும். தகப்பன் அல்லது பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்ததற்குச் சட்டம் ஆதாரம் கேட்டது. லயத்தில் பிறந்த பலருக்குப் பதிவு இல்லை. அதனால் குடியுரிமை போனது; 1949இல் வாக்குரிமையும் போனது.

‘ஒப்பிடுக’ என்றால் அச்சட்டத்தையும் 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒற்றுமையும் வேற்றுமையும் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் அரைப்பேர்தான்.

பெற்றோரே, பாடம் நமக்குத் தெரியாவிட்டாலும் பழைய வினாத்தாளைக் காட்டி, “இதில என்ன செய்யச் சொல்லியிருக்கு?” என்று பிள்ளையிடம் கேட்கலாம். அந்தச் சொல்லின் கீழ் கோடு போட்ட பிறகே விடை எழுதட்டும்.

ஒரு தாள் இல்லாததால் உரிமை இழந்தவர்கள் நாம். ஒரு சொல்லைக் கவனிக்காமல் நம் பிள்ளைகள் புள்ளி இழக்க வேண்டாம்.