24 மணி நேர வெளிச்சத்துக்கு யார் விழித்திருப்பது?

(ஃபிரிஸ்கோ வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜப்பான் போய்ட்டு வந்தவங்களைக் கேட்டுப் பாருங்க. கோயில், கோட்டையைவிட கொன்பினி பத்தித்தான் அதிகம் பேசுவாங்க. கொன்பினின்னா அங்கத்திய கன்வீனியன்ஸ் ஸ்டோர். நாடு முழுக்க 50,000-க்கும் மேல இருக்கு. கரண்ட் பில் கட்டலாம், பார்சல் அனுப்பலாம், கச்சேரி டிக்கெட் எடுக்கலாம். நானும் அங்க ஒனிகிரியிலதான் விழுந்தேன். உமேபோஷி வச்சதுன்னா நம்ம ஊறுகாய் வச்ச கட்டுச்சோறேதான். உறையில 1, 2, 3-ன்னு எண் போட்டிருக்கும். அந்த வரிசையில பிரிச்சா, கடற்பாசித் தாள் மொறுமொறுன்னு சோத்தோட வந்து ஒட்டும்.

அந்த ருசியை நான் மறுக்கல. அதுக்குப் பின்னால இருக்கிற கணக்கைப் பத்தித்தான் இன்னிக்குப் பேசப்போறேன்.

முதல்ல, இது நம்ம ஊர்க் கதை. செவன் இலெவன் பிறந்தது டாலஸ் ஓக் கிளிஃப் பகுதியில, 1927-ல. ஐஸ் கட்டி விக்கிற இடத்துல பாலும் ரொட்டியும் முட்டையும் சேர்த்து வித்தாங்க. 1946-ல காலை 7 மணியிலிருந்து இரவு 11 வரைங்கிற நேரமே பெயராச்சு. 1963-ல ஆஸ்டின்ல ஒரு கடை விடிய விடியத் திறந்திருந்தது. 1974 மே மாசம் டோக்கியோ டொயோசுவில ஜப்பானின் முதல் கிளை வந்தது. அதை நடத்தினது ஒரு சாராயக் கடைக் குடும்பம். 1991-ல கதை தலைகீழாச்சு. திவாலான டெக்சஸ் தாய்க் கம்பெனியின் பெரும்பங்கை ஜப்பான்காரங்க வாங்கிட்டாங்க. அமெரிக்கத் தலைமையகம் இன்னும் இங்கிருந்து கார்ல போற தூரத்துல, அர்விங்லதான் இருக்கு.

இப்ப கணக்குக்கு வருவோம். பெரும்பாலான கொன்பினிகள் ஃபிரான்சைஸ். பெயரும் சரக்கும் கம்பெனியோடது. வேலைக்காரங்க சம்பளம் கடைக்காரர் தலையில. விக்காம வீணாப்போற சோத்துச் செலவும் பெரும்பாலும் அவருக்குத்தான். மொத்த லாபத்துல கம்பெனி தன் பங்கை எடுத்துக்கும். அப்ப ராத்திரி 3 மணிக்குக் கடையைத் திறந்து வைக்கிறதில யாருக்கு நஷ்டமில்லைன்னு யோசிச்சுப் பாருங்க.

2019 பிப்ரவரியில ஹிகாஷி ஒசாகாவில ஒரு கடைக்காரர், ராத்திரி 1 மணியிலிருந்து காலை 6 வரை கடையைச் சாத்தினார். கூட வேலை பார்த்த மனைவி இறந்துட்டாங்க, வேலைக்கு ஆள் கிடைக்கல. கம்பெனியோ ஒப்பந்தத்தை முறிப்போம், 1.7 கோடி யென் அபராதம்னு சொல்லிச்சு. அதே வருஷம் மார்ச்ல ஜப்பானின் மத்தியத் தொழிலாளர் உறவுகள் ஆணையம், கடைக்காரர்கள் 'சுயதொழில் செய்றவங்க', தொழிலாளிகள் இல்லன்னு தீர்ப்பு சொன்னது. அதாவது சங்கமா வந்தாலும் கம்பெனி பேச்சுவார்த்தைக்கு உட்கார வேண்டியதில்ல. கடையைச் சாத்துற உரிமைகூட இல்லாத சுயதொழில்!

அந்தச் 'சுயதொழில்' இங்கயும் கேட்ட வார்த்தைதான். 2018 ஜனவரியில ஐஸ் அதிகாரிகள் அமெரிக்கா முழுக்க நூறு செவன் இலெவன் கடை அளவுக்குச் சோதனை போட்டு 21 பேரைப் பிடிச்சாங்க. ஃபிரான்சைஸ்காரர்கள் தனி வியாபாரிகள், ஆள் எடுக்கிறது அவங்க பொறுப்புன்னு கம்பெனி சொல்லிடுச்சு. லாபம் வரும்போது ஒரே குடும்பம், போலீஸ் வரும்போது தனிக்குடித்தனம்.

கடைக்காரருக்குக் கீழ இன்னொருத்தர் நிக்கிறார். டோக்கியோ கொன்பினியில ராத்திரி ஷிஃப்ட்ல சட்டையில இருக்கிற பெயரைப் படிங்க. நேபாளம், வியட்நாம், இலங்கைன்னு பல ஊர் மாணவர்கள். பாடம் நடக்கிற காலத்துல வாரத்துக்கு 28 மணி நேரம்தான் அவங்க வேலை செய்யலாம். அதைத் தாண்டினா விசாவுக்கே ஆபத்து.

அந்தப் பயம் என்ன செய்யும்னு 2015-ல ஆஸ்திரேலியாவில தெரிஞ்சது. அப்ப அங்க மாணவர்களுக்கு ரெண்டு வாரத்துக்கு 40 மணி நேரம்தான் வரம்பா இருந்தது. பல செவன் இலெவன் கடைகள்ல அதைப்போல ரெண்டு மடங்கு வேலை வாங்கிட்டு, ஏட்டுல பாதியை மட்டும் காட்டினாங்க. கேட்டா, 'வரம்பை மீறினது நீதானே, குடிவரவுத் துறைக்குச் சொல்லட்டா?' கடைசியில 15 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. அந்த மாணவர்கள்ல இந்தியாவிலிருந்து போனவங்க நிறைய. சில கடை முதலாளிகளும் தெற்காசியர்கள்தான். 'நம்ம ஆளு' அரசியல் அந்தக் கல்லாப் பெட்டி முன்னால உடைஞ்சுபோச்சு.

ஃபிரிஸ்கோவில நாம எதுக்கு இதைப் பேசணும்? நம்மில் பலரோட அப்பா அம்மா எச்1பி விசாவில வந்தவங்க. வேலையோட விசாவைக் கட்டிப்போட்டா வாய் எப்படி மூடிக்கும்னு சாப்பாட்டு மேசையிலயே பார்த்து வளர்ந்திருக்கோம். அந்த அனுபவம், கம்ப்யூட்டர் முன்னால இருக்கிறவங்களையும் கல்லா முன்னால நிக்கிறவங்களையும் சேர்க்கணும். இதுவரைக்கும் சேர்க்கல. கேஸ் ஸ்டேஷன்ல ராத்திரி நிக்கிற மாணவரை, நம்ம விழாக்கள்ல நாம பார்க்கிறதே இல்ல.

அதனால ரெண்டு வேலை. ஒண்ணு, நம்ம பல்கலைக்கழகங்கள்ல சம்பளம் மறுக்கப்பட்ட மாணவர்களுக்குத் தமிழ், தெலுங்கு, நேபாளியில உரிமைக் குறிப்பு தயாரிப்போம். விசா என்னவா இருந்தாலும் செஞ்ச வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி உண்டுங்கிறது அதில முதல் வரியா இருக்கட்டும். ரெண்டாவது, சுரண்டுறவர் நம்ம சங்கத்துக்கு நன்கொடை தர்றவரா இருந்தாலும் கேள்வி கேட்கணும்.

ஜப்பான் போங்க, ஒனிகிரி சாப்பிடுங்க. ஹிகாஷி ஒசாகாவில ஒரே ஒரு ஆள் கதவைச் சாத்தினார். அந்த வருஷம் நவம்பர்லயே, ராத்திரி மூடுறதுக்குக் கம்பெனி விதிமுறை வகுக்க வேண்டியதாச்சு. அவருடைய ஒப்பந்தத்தை டிசம்பர்ல முறிச்சாங்கங்கிறதும் உண்மை. தனி ஆளா நின்னா அவ்வளவுதான் முடியும். சேர்ந்து நின்னா எவ்வளவு முடியும்னு பார்க்க வேண்டியது நாமதான்.